தன்முனைப்பு முகாமுக்கு முந்திய ஆயிரம் நாள்கள்

விடுமுறை வந்தால் நம் மொழிக் கழகங்கள் தோட்டப்புறங்களுக்குச் சென்று தன்முனைப்பு முகாம் நடத்துகின்றன. பாராட்டுக்குரிய பணிதான். ஆனால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் “உன்னால் முடியும்” என்று முழங்கும் நாம், அந்தப் பிள்ளை கருவில் உருவான நாள் முதல் இரண்டு வயது வரை என்ன உண்டது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மூளை மிக வேகமாக வளர்வது அந்த ஆயிரம் நாள்களில்தான். அதில் விட்டதைக் கைதட்டலால் ஈடுகட்ட முடியாது.

பண்டார் தெங்காராவையே எடுத்துக்கொள்வோம். 1972-இல் அமைந்த கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியத்தின் நகர்களுள் அதுவும் ஒன்று. சுற்றிலும் செம்பனை. அரசாங்கச் சுகாதார நிலையம் உண்டு. சிக்கலான பிரசவம் என்றால் கூலாய் மருத்துவமனை. நாடு விடுதலை பெற்ற 1957-இல் நூறாயிரம் பிறப்புகளுக்கு ஏறக்குறைய 280 தாய்மார்கள் மாண்டனர். கோவிட் காலத்தை நீக்கிப் பார்த்தால், அண்மைய ஆண்டுகளில் அது முப்பதுக்கும் கீழ். கிராமத் தாதியரின் சாதனை இது. எனவே, மருத்துவமே இல்லை என்று புலம்புவது நியாயமாகாது.

பிறகு என்ன குறை? தோட்டத்தின் உட்பகுதியில் வாழும் தாய் பரிசோதனைக்குப் போக வேண்டுமானால், கணவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல வேண்டும். நாள்கூலியோ குத்தகைக் கூலியோ வாங்கும் குடும்பத்துக்கு அது இருவரின் ஒருநாள் சம்பளம். மருத்துவம் இலவசம், போய் வருவது இலவசமல்ல. 2023 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஆனால், ஒழுங்கான வேலைப் பதிவு இல்லாத குத்தகைத் தொழிலாளிக்கு அது எட்டாக்கனியே.

குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. தேசிய ஆய்வுகளின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 2015-இல் 17.7 விழுக்காடு, 2022-இல் 21.2. நாடு வளர்கிறது, பிள்ளைகள் வளரவில்லை!

அன்றைய இரப்பர் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. அதைப் பொற்காலமாகப் பாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தாயை விடியலில் பிரட்டுக்கு அனுப்பவே அது எழுந்தது. ஆயினும், பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும் குழந்தைக் காப்பகத்துக்கு இடம் வைத்தது. இன்று தோட்டத்தில் எஞ்சியிருக்கும் குடும்பங்களில் பாட்டியோ அண்டை வீட்டாரோதான் காப்பகம். அழும் பிள்ளைக்கு டின்பால் கரைத்துக் கொடுப்பது எளிது. அதில் இருப்பது பெரும்பாலும் சீனி. மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இலேயே சிங்கப்பூரில், டின்பாலை நம்பிப் பிள்ளைகள் மடிவதைக் கொலை என்றே கண்டித்துப் பேசினார். வேலியோரத்து முருங்கைக்கீரையும் நெத்திலியும் முட்டையும் டின்பாலை விட எத்தனையோ மேல். கர்ப்பிணிகள் இரத்த மாத்திரை விழுங்கிய கையோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேராது என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே!

நாம் சொல்லலாம். கர்ப்பிணியின் கையேட்டில் ஒட்டும் மஞ்சள், சிவப்பு அடையாளங்கள் ஆபத்தின் அளவைக் குறிப்பவை என்பதைத் தமிழில் விளக்க மருத்துவ மாணவர் இருவர் போதும். அடுத்த முகாமுக்கு வாடகைக்கு எடுக்கும் பேருந்து ஞாயிறன்று பள்ளி மண்டபத்தில் நிற்கும். அந்தச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, பரிசோதனை நாளன்று ஒரு வேன் தோட்டத்து லயங்களுக்கும் சுகாதார நிலையத்துக்கும் இடையே ஓட வழிசெய்யலாம். செயலவையினர் இதை ஆண்டுக் கூட்டத்தில் விவாதிப்பார்களா?