விரியும் அண்டம்

கல்வியின் பயன் பல செய்திகளை அறிந்திருப்பது மட்டும் அன்று. தாம் கொண்ட கருத்துத் தவறானது எனத் தெளிந்தவுடன் அதனைக் கைவிடும் துணிவும் ஆகும். இதற்கு ஐன்ஸ்டீனின் வாழ்வு நல்லதொரு சான்று.

அண்டம் என்றும் ஒரே அளவாக இருப்பது என்றே அறிஞர் பலரும் எண்ணியிருந்தனர். ஐன்ஸ்டீனும் அவ்வாறே நம்பினார். அவருடைய சமன்பாடுகளோ அந்நம்பிக்கைக்கு இணங்கவில்லை. ஆகவே, 1917ஆம் ஆண்டில் அவற்றுள் ஒரு மாறிலியைப் புகுத்தி, அண்டத்தை நிலையாக நிறுத்தினார். அண்டம் விரியவும் கூடும் என்று 1922இல் ரஷ்ய அறிஞர் பிரீட்மன் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்குத் தவறு என்றார் ஐன்ஸ்டீன். மறு ஆண்டே, பிழை தம்முடையதே என்று எழுதி வெளியிட்டார். ஆயினும் பழைய நம்பிக்கை அவரை விட்டு அகலவில்லை.

1929இல் ஹபிள் என்னும் வானியலறிஞர், விண்மீன் மண்டலங்கள் தொலைவு மிகுதோறும் மிக்க விரைவுடன் நம்மைவிட்டு விலகுகின்றன என்று காட்டினார். 1931இல் ஐன்ஸ்டீன் தம் மாறிலியைத் துறந்தார். உலகப் புகழ் அவரைத் தடுக்கவில்லை.

அண்டத்தின் விரிவு வரவர விரைவடைகிறது என்பது 1998இல் புலனாயிற்று. அதனை விளக்க, அவர் துறந்த மாறிலியையே அறிஞர்கள் மீண்டும் எடுத்தாளுகின்றனர். அதனால் அவர் அன்று அதனைத் துறந்தது குற்றமாகாது. அன்று கிடைத்த சான்றுக்கு அவர் பணிந்தார். இன்று கிடைத்துள்ள சான்றுக்கு இவர்கள் பணிகின்றனர்.

அண்டமே ஓரளவில் நில்லாதபோது, மனிதனின் கருத்து மட்டும் மாறாது நிற்கவேண்டும் என்பது அறிவுடைமை ஆகுமோ?