பழைய மொழியும் புதிய மொழியும்

போட்ரான் என்னும் கணினிமொழி இறந்துவிட்டதென மாணவர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட அம்மொழி இன்றும் உழைக்கின்றது. 1991இல் வெளிவந்த பைதன் மொழியில், சைபை நூலகத்தின் துணைகொண்டு ஒருவர் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்குங்கால், அந்நூலகம் அழைப்பது போட்ரானில் எழுதப்பெற்று 1992இல் வெளியான லாபாக் தொகுப்பையே. நன்கு சோதிக்கப்பெற்ற பழஞ்செய்நிரலை மீள எழுதாது அழைத்துப் பயன்கொள்வது அறிவுடைமையேயாம்.

ஆயினும், இரு மொழிகளை நாமே இணைக்குமிடத்து விழிப்பு வேண்டும். தாயமொன்றின் எண்களைப் போட்ரான் நிரல்வழியாக அடுக்கும்; பைதனின் நம்பை நூலகமோ வழக்கமாக நிரைவழியாக அடுக்கும். இவ்வேறுபாட்டை மறந்து எண்களைக் கையளிப்பின், கணினி எச்சரியாமலே பிழையான விடையைத் தந்துவிடக்கூடும். பாலங் கட்டுவோர் இரு கரைகளையும் அறிதல் வேண்டும். ஆதலின், எம் மாணவர் புதுமொழியோடு அமையாது, அதன் அடியில் உழைக்கும் மொழியையும் கற்பாராக.