பங்களிப்பு என்றொரு சொல்

வளரும் நாடுகளின் தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'தனியார் பங்களிப்பு' என்னும் தொடரும் உடன் வந்துவிடுகிறது. அரசிடம் பணமில்லை, வாரியங்களில் திறமையில்லை, தனியார் வந்தால் முதலீடும் தொழில்நுட்பமும் சேர்ந்து வரும் என்பது வாதம். தமிழ் படித்தவர்களாகிய நாம் முதலில் அந்தச் சொல்லிலேயே இடறி நிற்கிறோம். பங்கு அளிப்பது பங்களிப்பு. இங்கே அளிப்பவர் யார், அளிக்கப்படுவது எது, நட்டம் வந்தால் அதில் அவர் பங்கு எவ்வளவு? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் அச்சொல்லைக் கையாள்வது மொழிக்குச் செய்யும் அநீதி மட்டுமன்று. (தண்ணீர் என்றதும் திருக்குறளிலிருந்தும் புறநானூற்றிலிருந்தும் இரண்டு மேற்கோள் காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்துவிடுவது நம் தமிழ்த்துறைகளின் வழக்கம். இம்முறை அதைத் தவிர்ப்போம். ஒப்பந்தங்களைப் படிப்போம்.)

ஜகார்த்தாவிலிருந்து தொடங்கலாம். 1997-இல் இந்தோனேசியத் தலைநகரின் குடிநீர் வழங்கல் நகரின் நடுவே ஓடும் ஆற்றை எல்லையாக வைத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேற்குப்பகுதி பிரெஞ்சு நிறுவனமான சூயஸிடமும், கிழக்குப்பகுதி பிரிட்டனின் தேம்ஸிடமும் 25 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டன. போட்டி ஒப்பந்தப்புள்ளி கோரப்படவில்லை. சூயஸின் உள்நாட்டுக் கூட்டாளி அதிபர் சுகார்த்தோவுக்கு நெருக்கமான சலீம் குழுமம்; தேம்ஸின் கூட்டாளி அதிபருடைய மகனின் நிறுவனம். போட்டிதான் திறமையை வளர்க்கும் என்று ஓயாது ஓதுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் மௌனம் காத்தார்கள்.

ஆனால் ஊழலைக் காட்டிலும் நாம் உற்று நோக்க வேண்டியது ஒப்பந்தத்தின் கணக்கு முறையை. மக்கள் செலுத்தும் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கும். நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய தொகையோ வேறு. விற்கப்படும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு விலை, விலைவாசிக்கேற்ப அது ஏறிச் செல்வதற்கு ஒரு சூத்திரம். இரண்டுக்கும் இடையில் துண்டு விழுந்தால் அதை ஏற்க வேண்டியது 'பாம் ஜெயா' என்னும் அரசு நீர் நிறுவனம். ஆசிய நிதி நெருக்கடியில் ரூபியாவின் மதிப்பு சரிந்தது, விலைவாசி எகிறியது. கொந்தளித்திருந்த நகரில் கட்டணத்தை உயர்த்த அரசுக்குத் துணிவில்லை. நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகை மட்டும் சூத்திரப்படி ஏறியது. பள்ளம் அரசு நிறுவனத்தின் கணக்கில் விழுந்தது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஏழைகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு. எனவே குடிசைப்பகுதியில் புதிதாகத் தரப்படும் ஒவ்வோர் இணைப்பும் பாம் ஜெயாவுக்கு நட்டம். ஏழைக்குக் குழாய் போடாமல் இருப்பதே பொது நிறுவனத்துக்கு நன்மை என்றாகிவிட்டது! இதைத் திட்டமிட்டுச் செய்த வஞ்சகம் என்று நாம் சொல்லவில்லை. எவரும் வஞ்சிக்காமலே, ஒரு சூத்திரம் தன் போக்கில் இதைச் செய்துமுடித்தது. தேம்ஸ் நடுவழியிலேயே தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறிற்று. 2023 பிப்ரவரியில் குடிநீர் வழங்கல் மீண்டும் பாம் ஜெயாவின் கைக்கு வந்தபோது, நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குழாய்நீர் இல்லை. குழாயில் விடப்பட்ட நீரில் 40 விழுக்காட்டுக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. குழாய் வராத வீடுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின; அடுக்குமாடிகளும் ஆலைகளும் உறிஞ்சின. வட ஜகார்த்தா கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

பொலிவியாவின் கொச்சபம்பா நண்பர்கள் பலரும் அறிந்த கதை என்பதால் விரைந்து கடப்போம். 1999-இல், ஒரே ஒரு நிறுவனம் மட்டுமே முன்வந்த ஏலத்தில், பெக்டெல் பின்புலம் கொண்ட கூட்டமைப்புக்கு 40 ஆண்டு உரிமை. ஆண்டுக்கு 15 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதாயத்துக்கு ஒப்பந்தமே உத்தரவாதம் தந்தது. உத்தரவாத ஆதாயத்துக்கு வட்டி என்று பெயர். துணிகர முதலீடு என்றன்று. மக்கள் தாமே பணம் திரட்டி வெட்டிய கிணறுகள்கூட அவ்வுரிமையின் வரம்புக்குள் வந்துவிடும் என்ற நிலை எழுந்தது. 2000 ஏப்ரலில் நகரம் கிளர்ந்தெழுந்தது, 17 வயது மாணவர் ஒருவர் துப்பாக்கிக்குப் பலியானார், ஒப்பந்தம் இரத்தாயிற்று. நிறுவனம் உலக வங்கியைச் சார்ந்த நடுவர் மன்றத்தில் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கோரிற்று. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் முன் 2006-இல் பெயரளவுக்கு இரண்டு பொலிவியானோவுக்குத் தன் பங்குகளை ஒப்படைத்துவிட்டு வழக்கைக் கைவிட்டது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வியை எழுப்பும். விரட்டினீர்களே, அதன்பின் தண்ணீர் வந்ததா? எல்லோருக்கும் வரவில்லை. பொதுத்துறைக்குத் திரும்பிய கொச்சபம்பா நீர் நிறுவனம் பல்லாண்டுகள் திறமையின்மையிலும் ஊழலிலும் உழன்றது. நகரின் தென்பகுதி ஏழைகள் லாரித் தண்ணீரையே நம்பி வாழ்ந்தனர். இதை மறைக்கும் தோழர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அரசு என்று எழுதிவிட்டால் குழாயில் நீர் வந்துவிடாது.

எனினும் 'அரசால் முடியாது' என்பதை இயற்கை விதிபோல் ஓதுகிறவர்கள் கம்போடியத் தலைநகர் நோம் பென்னுக்குப் போய்வர வேண்டும். போரால் சிதைந்த அந்நகரில் 1993-இல் ஏக் சொன் சான் என்பவர் அரசு நீர் நிறுவனத்தின் பொறுப்பேற்றார். அப்போது உற்பத்தியாகும் நீரில் 72 விழுக்காட்டுக்குக் கணக்கில்லை. ஊழியர்களே திருட்டு இணைப்பு விற்றுவந்தனர். அவர் அளவைமானிகளைப் பொருத்தினார்; பழங்குழாய்களை மாற்றினார்; கையூட்டு வாங்கியவர்களை வெளியேற்றினார்; நன்றாக உழைத்தவர்களுக்கு ஊதியம் உயர்த்தினார். கட்டணம் கட்ட மறுத்த படைத்தலைவர் ஒருவர் அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்ததும், அவர் ஆட்களோடு திரும்பிவந்து அந்த இணைப்பைத் துண்டித்ததும் அவரே கூறிய செய்தி. பதினைந்து ஆண்டுகளுக்குள் இழப்பு ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அங்கே தண்ணீர் இலவசமாகத் தரப்படவில்லை. கட்டணம் படிப்படியாக உயர்ந்தது. ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை இருந்தது. ஜப்பான், பிரான்சு, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் உதவியும் இருந்தது. 2012-இல் 15 விழுக்காட்டுப் பங்குகள் பங்குச்சந்தையில் விற்கவும்பட்டன. தனியார் பணத்தைத் தீட்டென்று நாம் ஒதுக்கவில்லை. பங்கு வாங்கியவர் இலாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்கிறார்; குழாயின் திறவுகோல் அரசிடம் இருக்கிறது. அதைப் பங்களிப்பு என்று அழைக்க நமக்குத் தடையில்லை.

ஜகார்த்தாவின் மேற்குப்பகுதிக்குள் நுழைந்த அதே சூயஸுடன் 2018-இல் கோவை மாநகராட்சி 26 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. எதிர்ப்பு எழுந்தபோது, கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை மாநகராட்சியிடமே இருக்கும் என்று விளக்கம் அளிக்கப்பட்டது. கேட்டவர்கள் ஆறுதல் அடைந்தார்கள். ஜகார்த்தாவிலும் அவ்வுரிமை அரசிடமே இருந்தது என்பதை நினைவூட்டுகிறோம். இரண்டு ஒப்பந்தங்களும் ஒன்றே என்று நாம் கூறவரவில்லை. ஆனால் மக்களிடம் வசூலாவதற்கும் நிறுவனத்துக்குத் தருவதற்கும் இடையில் துண்டு விழுமானால் அதை ஏற்பவர் யார், நிறுவனத்துக்கான தொகை எந்தச் சூத்திரப்படி ஏறும், குழாய் கடைசியாகச் சென்றுசேரும் தெரு எது என்பவற்றை அந்நகரத்தார் அறிந்தாக வேண்டும். அவ்வொப்பந்தத்தின் முழு வாசகத்தையும் இணைப்புகளோடு தமிழாக்கி ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மொழிபெயர்க்க ஆளில்லை என்றால், நம் தமிழ்த்துறைகளில் ஆளுண்டு.