சமையல் மேடைக் கல்: பில்லில் தரத்தை எழுதித் தருவோம்

வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியாகக் கை வைப்பது சமையலறையில்தான். அஸ்திவாரம், கம்பி, சிமெண்ட், மரவேலை எல்லாம் முடிந்து, கையிருப்பும் வங்கிக் கடனும் தீரும் நேரத்தில் மேடைக் கல் வாங்க நம் கடைக்கு வருகிறார்கள். வந்தவுடன் கேட்பது, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். நாமும் விலையைச் சொல்லி, பளபளப்பைக் காட்டி அனுப்பிவிடுகிறோம். அந்த மேடை இருபது வருடம் உழைக்குமா, இரண்டே மழைக்காலத்தில் நிறம் மாறுமா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிறது. ஆகவே இந்த வியாபாரத்தில் உள்ள கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் சேர்ந்து யோசிக்க வேண்டிய சில விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரின் தன்மையைப் பார்ப்போம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததை யாரும் மறந்திருக்க முடியாது. போர் தண்ணீரோ பல இடங்களில் உப்பு. இதோடு நம் சமையலில் புளி, எலுமிச்சை, தயிர், மஞ்சள் இல்லாத நாள் கிடையாது. பிரியாணி டேக்சாவை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மேடையில் வைக்கிற பழக்கமும் உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகையில் வரும் சமையலறைப் படம் இந்தச் சோதனைகளைச் சந்தித்ததல்ல.

கடப்பா கல் விலை குறைவு என்று கேட்பவர் இன்றும் உண்டு. அது சுண்ணாம்புக்கல் இனம். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடம் வெளுத்துப் பாலிஷ் போய்விடும். சலவைக்கல்லுக்கும் இதே குறைதான். ஆனால் கடப்பாவை ஒதுக்க வேண்டியதில்லை. மேடைக்கு அடியில் தாங்கு பலகையாகவும், அலமாரித் தட்டாகவும் அதைப் போல் சிக்கனமானது வேறில்லை. அடியில் கடப்பா, மேலே கிரானைட் என்று நம் மேஸ்திரிகள் போடும் முறை அனுபவத்தில் கண்ட நல்ல முறை.

மேல் கல்லுக்கு நம் வீடுகளில் கிரானைட்டே ஏற்றது. சூடு தாங்கும், கத்தி கீறாது, புளி அரிக்காது. கிருஷ்ணகிரி, விழுப்புரம், ஆந்திராவின் சீமகுர்த்தி என்று நமக்கு எட்டும் தூரத்திலேயே நல்ல கல் கிடைக்கிறது. வெளிர் நிறக் கல்லில் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கும் என்பதால் சீலர் பூசச் சொல்ல வேண்டும். கறுப்பு அடர்ந்த கல்லில் அந்தத் தொல்லை குறைவு.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம் நுழைந்திருக்கிறது. சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, அசல் கறுப்பு என்று விற்கிறார்கள். சோப்பும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு, அடுப்பைச் சுற்றியும் தொட்டி ஓரத்திலும் அந்தச் சாயம் வெளுக்கும். வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து அழுத்தித் துடைத்தால் கறுப்பு துணியில் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். சரக்கு இறங்கும்போதே இதைச் செய்துகொள்வது நமக்கே பாதுகாப்பு.

எவர்சில்வர் மேடை கேட்கும் ஓட்டல்காரர்களிடமும் இதே கதைதான். 304 தரத்தில் நிக்கல் எட்டு சதவீதம் அளவில் இருக்கும். 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் படும் இடத்தில் 202 சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு காணும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது; இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. அதற்கென்று விற்கும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் தெரியும். மேடைக்கு அடியில் போடும் பலகையிலும் கவனம் வேண்டும். துகள் பலகை ஓதத்தில் உப்பிவிடும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ஒட்டுப்பலகையே சரி, ஐ.எஸ். 303 வேறு தரம்.

இப்போது புதிதாக வந்திருப்பது செயற்கைக் குவார்ட்ஸ் கல். தொண்ணூறு சதவீத அளவுக்குக் குவார்ட்ஸ் தூளைப் பிசினில் கலந்து அழுத்திச் செய்வது. கறை பிடிக்காது, பார்க்க அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால் பிசின் கலந்தது என்பதால் கொதிக்கும் டேக்சாவை நேரே வைத்தால் தழும்பு விழும். அதைவிடப் பெரிய விஷயம், அதை வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி. அது நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தருகிறது. கல் அறுக்கும் இளைஞர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தடை செய்துவிட்டது.

"அது ஆஸ்திரேலியா, நமக்கென்ன?" என்று நம் தோல் பட்டையில் யாரும் கேட்கக் கூடாது. 1989ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. 1994ல் சில அசோ சாயங்களைத் தடை செய்தது. அங்கே போட்ட சட்டத்துக்கு இங்குள்ள பதனிடும் தொழில் மருந்தையும் சாயத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்கூட்டி விழித்துக்கொள்வது வியாபாரத்துக்கு நல்லது என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு. ஆகவே எந்தக் கல்லானாலும் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் கை மெஷினால் உலர வெட்டுவதை நிறுத்த வேண்டும். தொட்டிக்கும் அடுப்புக்கும் அளவு வாங்கிவந்து, தண்ணீர் விட்டு அறுக்கும் இடத்திலேயே ஓட்டை போட்டு அனுப்பலாம். கூலி சற்று கூடும். வெள்ளைத் தூசியில் முகம் தெரியாமல் நிற்கிற அந்தப் பையன் நம் கடைக்கு வேலை செய்கிறவன்தான் என்பதை நினைத்தால் அந்தக் கூலி பெரிதல்ல.

முடிவாக ஒரு யோசனை. தோல் வியாபாரத்தில் தரம் பிரித்து எழுதாமல் சரக்கு கை மாறுவதில்லை. கல்லுக்கும் அப்படியே செய்வோம். கல்லின் பெயர், சாயம் ஏற்றியதா இல்லையா, கனம் எத்தனை மில்லிமீட்டர், எவர்சில்வர் என்றால் எந்தத் தரம், பலகை என்றால் எந்த ஐ.எஸ். எண் ஆகியவற்றைப் பில்லில் எழுதித் தருவோம். 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு தரத்தை வேறு தரமென்று சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. விற்பவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

"நான் எழுதிக் கொடுத்தால், எழுதாத பக்கத்துக் கடைக்காரர் சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்து விற்பாரே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் தனியொருவராக அல்லாமல் சங்கமாகச் செய்ய வேண்டும் என்கிறேன். ஒரே மாதிரி பில் படிவம் அச்சிட்டு எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்துவிட்டால், எழுதாத பில்லைப் பார்த்து வாடிக்கையாளரே கேள்வி கேட்பார். கல் வாங்க பெங்களூருக்கும் சென்னைக்கும் வண்டி ஏறுகிறவர்களை நம் ஊர்க் கடைவீதியிலேயே நிறுத்தி வைக்க இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு முடிவு செய்யும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.