காவிரி போதும், கல்போங்கை எழுதுங்கள்

போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீவிஜயபுரம், என் நாக்குக்கு இன்னும் பழகவில்லை) பள்ளிக் கவிதைப் போட்டிகளுக்கு நடுவராகப் போவதுண்டு. 'ஆறு' என்று தலைப்புக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் காவிரியில் இறங்கிவிடுவார்கள். பலர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுக் குழாயில் வருவது தனிக்காரி அணைத் தண்ணீர். கோடையில் அதுவும் தினமும் வராது. தனிக்காரிக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தானே. கண்ணெதிரில் உள்ளதை விட்டுவிட்டுத் தூரத்தைப் பாடுவது குடியேறியவர்களுக்குப் பழைய வழக்கம். 1630இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறிய கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் முதல் தொகுப்பு, 1650இல் லண்டனில் அச்சானது. அதில் பெரும் இடத்தைப் பிடித்தவை அசீரியா, பாரசீகம் என்று பழைய பேரரசுகளின் கதைகள். பிறகு மெரிமாக் ஆற்றுப் பக்கம் குடிபோனார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து யோசிக்கும் நெடுங்கவிதை ஒன்று, அவர் இறந்தபின் 1678இல் வெளிவந்தது. அதில் மீன் உண்டு, கடல் உண்டு, கிரேக்கக் கடல்தெய்வம்கூட உண்டு. அவருக்கு முன்பே அந்த ஆறுகளில் மீன்பிடித்து வாழ்ந்த பூர்வகுடிகள்தான் இல்லை.

நாம் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. வடக்கு அந்தமானில் 732 மீட்டர் உயர சாடில் பீக் மலையிலிருந்து இறங்கும் கல்போங் ஆறு, திக்லிபூரில் 5.25 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அந்த விளக்கொளியில் உட்கார்ந்துகொண்டு வைகையைப் பாடுகிறோம்!

கிரேட் நிக்கோபாரில் இது இன்னும் உறுத்துகிறது. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன, தமிழர்களும் உண்டு. அங்குள்ள கலத்தியா ஆற்றுக்கு, 1845-47இல் உலகைச் சுற்றிய டென்மார்க் கப்பலின் பெயர். காட்டுக்குள் அந்தத் தீவின் ஆறுகளை நம்பி வாழ்பவர்கள் ஷொம்பென் பழங்குடிகள். ஆற்றுமுகத்து மணலில் தோணியாமைகள் முட்டையிடுகின்றன. ஆறு கலக்கும் அந்த விரிகுடாவின் சரணாலயத் தகுதி 2021இல் நீக்கப்பட்டது. அங்கே பெரிய சரக்குத் துறைமுகம் வரப்போகிறது. துறைமுகத்தால் வேலை கிடைக்கும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் பிராட்ஸ்ட்ரீட் விட்டதை நாமும் விட்டால், அது தெரிந்தே செய்த தவறு.

கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எழுதக் கூடியவர்கள் இருப்பீர்கள். கலத்தியாவை இப்போதே எழுதுங்கள், ஷொம்பென்களையும் ஆமைகளையும் விடாமல். கவிதையாக வராவிட்டால் உரைநடையாகவே இருக்கட்டும்.