ஓடும் வீட்டின் கூரை

வீடு அசையாப் பொருள். வண்டி அசையும் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாக்கியவர்கள் மேனாட்டார். 1885 ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் கடற்படை வைத்தியர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே குதிரைகள் இழுத்துச் செல்லும் வீடொன்றைக் கட்டுவித்து, அதற்கு நாடோடி எனப் பொருள்படும் ‘வாண்டரர்’ என்ற பெயரைச் சூட்டி ஊர் ஊராகச் சென்றார். பின்னர் குதிரையின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்தது. அமெரிக்காவில் வாலி பையம் என்பவர் 1936 இல் வெளியிட்ட ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்னும் வீட்டு வண்டி, ஆகாய விமானத்தைப் போலவே அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்துச் செய்யப்பட்டதாகும். இன்று அந்நாட்டு வீட்டு வண்டிகளுட் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் வட்டாரத்தில் உருவாகின்றன.

விடுமுறைக்கு உல்லாசமாகச் செல்வோரின் விளையாட்டுப் பொருள்தானே இது என்று எண்ணிவிடலாகாது. 2008 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், வீட்டுக்கடனும் வாடகையும் இறுக்க முடியாது, முதுமையிலும் கூலிவேலை தேடி வண்டிகளிலேயே குடியிருக்கத் தலைப்பட்ட அமெரிக்கரைப் பற்றி, ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017 இல் ‘நோமாட்லாந்து’ என்ற நூலை எழுதினார். அத்தகையோருக்கு வண்டியின் கூரை ஒழுகுமாயின், ஒழுகுவது அவர்களுடைய ஒரே வீடு. ஆதலின் அக்கூரையைப் பேணும் முறையை இவ்வாரம் ஆராய்வோம்.

வீட்டு வண்டி வைத்திருப்போரின் கண்ணை முதலில் உறுத்துவது அதன் வெண்சுவர்களில் வழியும் கருங்கோடுகளே. கூரையிற் படிந்த தூசியும், வெயிலில் வெந்து மாவாக உதிரும் கூரையின் மேற்பரப்பும், மழைநீரோடு கலந்து பீலி வழியாகச் சுவரில் இறங்குவதனால் இக்கோடுகள் உண்டாகின்றன. இவை அழகைக் கெடுப்பனவேயன்றி வண்டியைக் கெடுப்பன அல்ல. வண்டியைக் கெடுப்பது, நிலத்தில் நிற்போர் கண்ணுக்குப் புலப்படாத வேறொன்று.

வீட்டு வண்டியின் கூரை துளைகள் மலிந்தது. குளிரூட்டிக்கென 14 அங்குலச் சதுரத் துவாரம், காற்றுப் போக்கிகள், கழிவுநீர்க் குழாயின் ஆவிபோக்கி, கண்ணாடிச் சாளரம் என ஒவ்வொன்றுக்கும் கூரை வெட்டப்பட்டிருக்கும். அவ்வெட்டுகளின் ஓரங்களில் மழையைத் தடுத்து நிற்பது ஒருவகை அடைப்புப் பசை மாத்திரமே. நிலைத்து நிற்கும் வீட்டுக்கில்லாத சோதனை இதற்குண்டு. வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது சட்டமும் கூரையும் ஓயாது முறுகி அசைய, பொருத்துகள் யாவும் இழுபடுகின்றன. சூரியனின் புறஊதாக் கதிர்கள் பசையை வறளச் செய்கின்றன. மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றி, அதனுள் நீர் புகுந்து, குளிர்காலத்திற் பனிக்கட்டியாக உறையுமாயின், அது தன் கனவளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருத்து, அவ்வெடிப்பை மேலும் பிளக்கும் என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர்.

இவ்வாறு புகுந்த நீர் உடனே சொட்டுவதில்லை. கூரை விரிப்பின் அடியில் ஊர்ந்து, சட்டத்தின் வழியே சுவருக்குள் இறங்கி, ஒட்டுப்பலகையை ஊறவைத்து, பூஞ்சணத்தை வளர்க்கிறது. கண்ணாடிநார்ச் சுவராயின், வெளித்தோல் பலகையை விட்டுக் கழன்று கொப்புளம்போல் வீங்குகிறது. நீர் புகுந்த இடம் ஒன்று, அது முகங்காட்டும் இடம் வேறு. உள்ளே கறையைக் காணும் வேளையில் மரம் உளுத்துப் போயிருத்தலுங் கூடும். பசையைப் புதுப்பிக்க ஆகும் செலவு சொற்பம். உளுத்த சுவரைப் பிரித்துக் கட்டும் செலவோ பழைய வண்டியின் விலையையே விழுங்கிவிடும்.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? மூன்று மாதத்துக்கொரு முறையேனும் கூரையைப் பார்வையிடல் வேண்டும். மின்னிணைப்பை முதலில் அகற்றி, ஏணியை உறுதியாக நாட்டி ஏறுக. எல்லாக் கூரைகளும் ஆள் பாரத்தைத் தாங்கா. தயாரித்தோர் தந்த கைநூலைப் பார்த்தே அடியெடுத்து வைக்க வேண்டும். தாங்கும் கூரையிலும் பலகையொன்றை இட்டு, பாரத்தைப் பரப்பி நிற்றல் நன்று. ஈரக்கூரை வழுக்கும் என்பதை மறவற்க.

முதலிற் சருகுகளை நீக்கி, மென்மையான சவர்க்கார நீரும் மென்மயிர்த் தூரிகையும் கொண்டு சிறுசிறு பகுதியாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அவ்வேளை சுவர்களையும் நனைத்துக்கொண்டே இருந்தால், வழியும் அழுக்கு அவற்றிற் காய்ந்து படியாது. விசைநீர்க் குழாயால் வேலை விரைவில் முடியும் என்று சிலர் கருதுவர். அவ்விசையே தளர்ந்த பசையைப் பெயர்த்து நீரை உள்ளே செலுத்திவிடும்.

கூரை எப்பொருளால் ஆனது என்பதையும் அறிந்திருத்தல் அவசியம். ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை இறப்பர் வெயிலையும் மழையையும் நன்கு தாங்கும், எண்ணெயைத் தாங்காது. ஐதரோக்காபன் மூலக்கூறுகளாலான அப்பொருள், தன்னினமான பெற்றோலியக் கரைப்பான்களை உறிஞ்சி வீங்கிவிடும். ஆகவே மண்ணெண்ணெய், பெற்றோல் முதலியவற்றையும், தோடம்பழ வாசனை கமழும் கரைப்பான்களையும் அதன் மேல் ஊற்றலாகாது.

கூரை காய்ந்த பின் ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெடித்தும் கழன்றும் இருக்கும் பசையை நீக்கி, இடத்தைத் துப்புரவு செய்து, கூரைப் பொருளுக்கு ஏற்ற பசையைப் புதிதாக இட வேண்டும். மட்டமான இடத்துக்குத் தானே பரவும் பசையும், செங்குத்தான இடத்துக்கு வழியாத பசையும் உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோன் பசையைத் தவிர்த்தல் நலம். அதன் மேல் மறுமுறை வேறெப்பசையும் ஒட்டுவது அரிது.

இவற்றின் பின்னரே சுவர்களின் முறை. சவர்க்காரத்தைக் கீழிருந்து மேலாகப் பூசி, மேலிருந்து கீழாக அலச வேண்டும். கண்ணாடிநார்ச் சுவருக்கு ஆண்டுக்கொரு முறையாவது மெழுகு பூசினால் வெளிறாது. ஓய்வுக் காலத்தில் வண்டியைப் படங்கினால் இறுக மூடும் வழக்கம் தீது; அடியில் ஈரம் தங்கும், காற்றிற் படபடத்துச் சுவரையும் உராயும். காற்றுப் புகும் துணியுறையே தக்கது.

கனடாவிலும் பிறநாடுகளிலும் வாழும் நம் உறவினருள் எவரேனும் இத்தகைய வண்டியை விலைக்கு வாங்க எண்ணினால், சுவரின் பளபளப்பைக் கண்டு மயங்காது, ஏணி கேட்டு வாங்கிக் கூரையை நோக்குமாறு அவர்களுக்கு எழுதுங்கள். வண்டியைப் பேண அரைநாள் அவகாசம் மாத்திரம் உடையோர்க்கும் நாம் கூறுவது இதுவே: அந்த அரைநாளைக் கூரைக்குக் கொடுங்கள், கருங்கோடுகள் அடுத்த வாரம்வரை காத்திருக்கும், மழை காத்திராது.