யானைக்கு முன்னால் இடியன் துவக்கு

‘பாதிய’ என்று பெயரிடப்பட்ட யானை, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களுடன் பல வாரங்கள் கிடந்து 2025 யூலையில் இறந்தது. தென்னிலங்கை ஊடகங்கள் அதன் நிலையைத் தொடர்ந்து எழுதின. அது வடமேல் மாகாணத்தில். வன்னியில் பெயரில்லாத யானைகள் காயத்தோடு காட்டுக்குள் போகின்றன, பிறகு செய்தி இல்லை.

குறி தவறியதால் மட்டும் இப்படி நடப்பதில்லை. துவக்கின் அளவும் காரணம். அமெரிக்காவில் கைத்துப்பாக்கியால் கரடி வேட்டையாடுவோர் 1955 இல் வந்த .44 மக்னம் றிவோல்வரோடு நிற்காமல், 2003 இல் .500 வரை போனார்கள். ரவை எலும்பைத் தாண்டி உள்ளே போகவேண்டும், மிருகம் உடனே விழவேண்டும் என்பது அவர்களது கணக்கு. (பொழுதுபோக்குக்குக் கொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை.) எங்கள் பக்கத்தில் இருப்பது பன்றிக்கும் பறவைக்கும் பொருத்தமான சொட்கண், இல்லையென்றால் குழாயில் மருந்தும் ஈயத்துண்டும் இடித்து நிரப்பும் இடியன். இவற்றுக்கு யானை இலேசில் விழாது. சன்னம் உடம்புக்குள் தங்கிச் சீழ் பிடிக்கும். வலியோடு திரியும் யானையின் முன்னால் அடுத்த இரவு அகப்படுபவர், சுட்டவராகத்தான் இருப்பார் என்றில்லை.

வாய்வெடி இதைவிடக் கொடியது. பன்றிக்கென்று தீனிக்குள் வைத்த வெடியைக் குட்டி யானை கடிக்கும். தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

விவசாயியைக் குற்றவாளியாக்குவது சுலபம். ஒட்டுசுட்டான் பக்கம் நான் சந்தித்த ஒருவர் கேட்டார்: “தம்பி, சொட்கண் லைசென்சுக்குப் போனால் முதலில் என்ர பழைய கதையைத்தான் விசாரிக்கினம். யானை என்னை விசாரிச்சுப்போட்டே வருது?” போருக்குப் பிறகு எங்கள் இடங்களில் துவக்கைப் பயிர்காவல் கருவியாக யாரும் பார்ப்பதில்லை.

ஆனாலும் துவக்கு கொடுத்தால் இது தீராது. 2023 இல் மட்டும் நாட்டில் 400 இற்கு மேற்பட்ட யானைகளும் 150 இற்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். 2020 இல் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசிய செயற்றிட்டம் வேறு வழி சொன்னது: இரண்டு பக்கமும் யானை நிற்கும் திணைக்கள எல்லைகளில் மின்வேலி போடுவதை விட்டு, ஊரைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும் போடவேண்டும்.

நல்ல யோசனை. ஆனால் வன்னியில் ஊர் எங்கே முடிகிறது என்பதே வழக்காக இருக்கிறது. நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை வளர்ந்த காணிகளில் வனவளத் திணைக்களம் காடென்று எல்லைக்கல் நட்டிருக்கிறது. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் வேலி போட்டால் வயல் யானைக்கு. அந்தப் பக்கம் போட்டால் விவசாயிக்கு வழக்கு. அடுத்த காலபோகத்துக்கு முன்னர் பிரதேச செயலகங்கள் தீர்க்கவேண்டியது முதலில் இந்தக் கல்லைத்தான்.